வாய் மூடிச் சிரித்தவள்

அவளோடு ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்து பல மாதங்கள் கழித்துத்தான் அவளுடைய பற்களைப் பார்த்தேன். அதுவரை நான் அறிந்த முகம் மூக்குக்கு மேலே மட்டும்தான். பெரிய கண்கள், புருவ நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, அதற்குக் கீழே நீல மாஸ்க்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையம் அது. நான் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர், வயது கேட்டுப் பதிந்து உள்ளே அனுப்புவேன். தடுப்புக்குப் பின்னால் அவள் ரத்தம் எடுப்பாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும், என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. மதுரையில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள்.

ஊரடங்கு தளர்ந்த புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்ததால் எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருந்தது. அவள் மட்டும் அதைக் கழற்றுவதே இல்லை என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று. மதியம் ஸ்டோர் ரூமில் ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் டிபன் பாக்ஸை மூடிவிடுவாள். என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து நானும் தள்ளியே இருந்தேன்.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். "அந்த மாஸ்க் போட்ட பொண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் செருப்பையே கழற்றுவார்கள். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலத்திலும் அவளுக்கு மட்டும் அந்தப் பெயர் வந்திருந்தது. ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்பாள். தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள், மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாயில் ரத்தம் நிறைந்துவிடும். "இம்புட்டுதான்" என்பாள். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இருக்காது. அவளைவிடத் தைரியமான ஆளை நான் பார்த்ததில்லை என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

ஒருநாள் மல்யுத்தக்காரர் மாதிரி உடம்போடு ஒருவர் வந்தார். ஊசியெல்லாம் தனக்குத் தூசு என்று வெளியே எல்லோரிடமும் சொல்லிவிட்டு உள்ளே போனவர், கையில் ரப்பரைக் கட்டியதுமே மயங்கிச் சரிந்தார். தண்ணீர் தெளித்து, காலைத் தூக்கிப் பிடித்து, எழுப்பி அனுப்பிவைத்தோம். அவர் போகும்வரை அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிறகு டீ எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். ஏதோ கேட்கப் பின்னாலேயே போன நான் கதவைத் தள்ளியபோது, மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்க, அவள் தனியாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தன. கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. என்னைப் பார்த்ததும் கை தானாக வாய்க்குப் போனது. டீ சிந்தி விரல் சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் வந்து உட்காருவதற்கு முன்பே மேசைக்கு வந்து கேட்டாள்: "எம்புட்டு அசிங்கமா இருக்கு? உண்மையச் சொல்லு."

அசிங்கமெல்லாம் இல்லை என்றேன். நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், அண்ணன் கல்யாணப் படத்தில் புகைப்படக்காரர் அவளை எப்படி இரண்டாவது வரிசைக்குத் தள்ளினார் என்றெல்லாம் அன்றுதான் சொன்னாள். கடைசியில், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்தி, கம்பி போடப் போவதாகச் சொன்னாள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த வயசுக்கு மேல் பல்லுக்குக் கம்பியா, ஊர் சிரிக்காதா என்று. அவள் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்குத் தெரியாமல் போடுவது என்று முடிவு செய்திருந்தாள். எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கும்போதே போட்டுவிட வேண்டும், இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்பது அவள் கணக்கு.

முதல்முறை பல் டாக்டரிடம் போனபோதே நானும் கூடப் போனேன். டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. கம்பி போட இடம் வேண்டும், நாலு பல்லை எடுக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் அக்காவின் கண்கள் அசையாமல் நின்றுவிட்டன. நல்ல பல்லையா என்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள். எடுத்த இடம் மூடவில்லையென்றால் என்ன செய்வது, ரத்தம் நிற்கவில்லையென்றால், முகம் ஒட்டிப்போய்விட்டால், பேச்சு குழறினால் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் சொன்ன ஒவ்வொரு பதிலுக்குள்ளிருந்தும் அவளுக்கு ஒரு புதிய பயம் கிடைத்தது.

பல் எடுக்கும் நாளிலும் துணைக்கு என்னை அழைத்துப் போனாள். தினமும் எத்தனையோ பேருக்கு ஊசி போடுகிற கை, என் கைக்குள் ஐஸ் மாதிரி கிடந்தது. நாற்காலியில் சாய்ந்ததும், ஊசியைக் காட்டச் சொன்னாள். அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளிடம் ஊர்க்கதை கேட்டுப் பார்த்தேன். தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏங்கிட்டயேவா?" என்று கேட்டு, மாஸ்க்குக்குள் மூக்கால் சிரித்தாள். பிறகு தானே எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். முடிந்து வெளியே வந்தபோது என் மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்த தடங்கள் இருந்தன.

கம்பி போட்ட பிறகு, நிலையத்தில் என்னுடைய வேலைகளில் ஒன்று கூடிப்போனது. தினமும் காலையில் ஸ்டோர் ரூமுக்குள் என்னை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தி, மாஸ்க்கை இறக்கி, "பாத்துச் சொல்லு, நகந்திருக்கா?" என்பாள். ஒரு நாளில் என்ன நகரும்? ஆனால் இல்லை என்று சொன்னால் அன்று முழுக்க முகம் விழுந்துவிடும். ஆமாம் என்றால், எந்தப் பக்கம், எம்புட்டு, கோணலாகப் போகிறதா என்று கேட்பாள். இதையெல்லாம் காட்ட என்னைத் தவிர அவளுக்கு ஆளில்லை. சரியாகப் பார்க்கிறேனா என்ற கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. பேருந்தில் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பல்வரிசையை என்னை அறியாமல் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

சாப்பாடு குறைந்துபோனது. பிசைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, வாழைப்பழம். கன்னம் உள்ளே போயிற்று. கம்பியின் முனை உள்கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கியது. அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்த மெழுகைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். "கைய மடக்குங்க" என்று அவள் சொல்வது சிலருக்கு விளங்கவில்லை. ஒரு பெரியவர், என்னம்மா வாயில் வெற்றிலையா என்று கேட்டார். அன்றிலிருந்து பேச்சையும் குறைத்துக்கொண்டாள். ஊர்க்கதை கேட்பது நின்றது. ஊசிக்குப் பயந்தவர்கள் அவளிடம் வந்தும் பயந்தபடியே போனார்கள்.

போனில் எதையெல்லாமோ படித்து வைத்திருப்பாள். கம்பி இழுக்கும்போது பல்லின் வேர் கரைந்துபோகும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒருநாள் வேலைக்கு நடுவில் என் மேசைக்கு வந்தாள். முன்பல் ஆடுகிறது, விழப்போகிறது என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். நகரும் பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதுதான் சரி என்றார் அவர். அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனாலும் அன்று மாலைவரை நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மாஸ்க்கின் அசைவிலிருந்தே தெரிந்தது.

ஊருக்குப் போகும்போதும் மாஸ்க்தான். ரத்தம் எடுக்கிற வேலை, வீட்டிலும் போட்டிருக்கச் சொல்லி உத்தரவு என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அசந்து தூங்கியபோது மாஸ்க் நழுவிவிட்டது. வாய் திறந்திருக்க, உள்ளே கம்பி மின்னுவதைப் பார்த்த அம்மா, மகள் எதையோ விழுங்கிவிட்டாள் என்று அலறி அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டார். அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. அதன்பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். "அவ சாப்பிட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்பாராம், அவள் முன்னாலேயே.

அப்படி இருக்கும்போதுதான் டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. உதட்டை மூடி எடுத்த பழைய படத்தைத் தரகர் கொடுத்திருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அக்காவின் அம்மா நிலையத்து எண்ணுக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். "தாயி, அவ நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா. அந்தக் கம்பிய மட்டும் ஒரு மாசத்துக்குக் கழட்டி வைக்கச் சொல்லு. கலியாணம் முடிஞ்சு மாட்டிக்கட்டும்."

அக்காவும் டாக்டரிடம் அதைக் கேட்டுத்தான் இருந்தாள். எடுத்த பல்லின் இடைவெளிகள் பாதிதான் மூடியிருக்கின்றன, இப்போது கழற்றினால் நகர்ந்ததெல்லாம் திரும்பிப் போகத் தொடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவளிடம் எதையும் வற்புறுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் என்னைப் பல் பார்க்கவும் கூப்பிடவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை கூட வாரியா என்று மட்டும் கேட்டாள்.

போனேன். முன்னறையில் ஜமுக்காளம் விரித்து, சேர்களை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். உள்ளறையில் அம்மா அவளுக்குப் பூ வைத்துக்கொண்டே, வாயைத் திறக்காதே, கேட்டதுக்குத் தலையாட்டு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்க் இல்லாமல் அவள் முகம் எனக்கே புதிதாக இருந்தது. உதடுகளை இறுக்கி இறுக்கி அவை வெளுத்திருந்தன. காபித் தட்டை எடுத்தபோது டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. தட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவள் பின்னால் வந்தாள்.

மாப்பிள்ளையோடு அவருடைய அப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பேச்சு பெரியம்மாதான். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். அக்கா உதட்டைப் பிரிக்காமல் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார். அதற்கும் அப்படித்தான். பெரியம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் அம்மாவைப் பார்த்தார்.

"பொண்ணுக்குப் பேச்சு ஏதும் வராதா?"

கேவலப்படுத்த அவர் அதைக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"பேச்சு வரும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கேன். நாலு பல்லு எடுத்திருக்கு. முடியறதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆகும், அதுவரைக்கும் கழட்ட முடியாது."

குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை. பெரியம்மா சேரை விட்டு எழுந்தார். பிறகு, வெளிச்சத்துக்கு வாம்மா, பார்க்கலாம் என்றார். அவள் வாசல் நிலைக்குப் போய் நின்று, டாக்டரிடம் காட்டுவது போலத் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். பெரியம்மா தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் எட்டிப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது எப்படி என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் அப்பா மாடு வாங்கி விற்கிறவரும்கூட. அவர் சேரைத் தள்ளிவிட்டு எழுந்து, பின்வாசல் வழியாகத் தோப்புப் பக்கம் போய்விட்டார்.

மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார், வலி இருக்குமா என்று. அவள் இல்லை என்று தலையாட்டினாள். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். பதில் வரவில்லை. பெண்ணுக்கு வாயில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டார்கள் எனப் பிறகு தரகர் வந்து சொன்னார்.

பின்னால் நடந்தவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பி கழற்றியபோது நான் அந்த வேலையை விட்டு விருதுநகருக்கு வந்திருந்தேன். அன்று மாலை அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஆவலோடு திறந்தேன். மூடிய உதடுதான் இருந்தது. மேலுதடு அழகாகப் பதிந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பல் எங்கே என்று கேட்டதற்கு, பழகணும்ல, இரு என்று எழுதினாள். சில வருடம் கழித்து நத்தம் பக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மேடையில் புகைப்படக்காரர் சிரிங்க, சிரிங்க என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பந்தியில் அவள் கணவர் என்னிடம் வந்து, இவள் யாரோடு இருக்கும்போது வாய்விட்டுச் சிரிப்பாள் என்று கேட்டார். யாரும் இல்லாதபோது என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

ஆனால் அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது கல்யாண மேடை இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போன பின், அடுத்தமுறை கம்பியை இறுக்க அவள் டாக்டரிடம் போன நாள்தான்.

அன்று மதியம் அவளுடைய அப்பா முன்னறிவிப்பு இல்லாமல் நிலையத்து வாசலில் வந்து நின்றார். கொட்டாம்பட்டியிலிருந்து வண்டியிலேயே வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, "பாப்பா, இன்னைக்குத்தானே அவ பல்லு டாக்டர்கிட்டப் போறா?" என்று என்னிடம் கேட்டார். உள்ளேயிருந்து வந்த அக்கா அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். என்னைத் தடுப்புக்குப் பின்னால் இழுத்துப்போய், கழட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறார், டாக்டரிடம் நீ பேசு, என்னால் அவரை எதிர்த்து நிற்க முடியாது என்றாள். அவள் கை மறுபடியும் ஐஸாகியிருந்தது.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். எங்கள் முறை வந்ததும் அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தார். டாக்டர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"இத இப்பக் கழட்டுனா என்னாகும்?"

அக்கா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறகு அலமாரியைத் திறந்து, சிகிச்சை தொடங்கும்போது எடுத்து வைத்திருந்த அவளுடைய பல்லின் அச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வெள்ளை மாவில் வார்த்தது. துருத்திய முன்பற்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கீழ்ப்பற்கள், எல்லாம் அப்படியே இருந்தன. மகள் இப்படி வந்தாள், இப்போது இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், விட்டால் இங்கேதான் திரும்பும் என்றார் டாக்டர்.

அப்பா அந்த அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் முன்பல்லைத் தடவினார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"இது ஏம் பல்லுதான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய மீசை அடர்ந்து மேலுதட்டை முழுக்க மூடிக் கீழே இறங்கியிருந்தது. அதை வெறும் மீசை என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பரம்பரையாக வருவதுதான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார், பல மாதங்களுக்குப் பிறகு நேராக.

"நீ கம்பி போடணும்னு வந்து நின்னப்ப, ஏம் மூஞ்சியப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அதான் வேணாம்னேன்."

அச்சை மேசைமேல் பதமாக வைத்தார். கழட்ட வேண்டாம், முழுசா முடிச்சுவிடுங்க என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். கம்பியை இறுக்கும் நேரம் முழுவதும் கண்ணை மூடியிருந்தாள். எப்போதும் கேட்கும் கேள்விகளில் ஒன்றையும் அன்று கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்தபோது அவர் சாலையோரத்தில் நின்றிருந்தார். பள்ளிக்கூடம் விடும் நேரம், வண்டிகள் நெருக்கிக்கொண்டு போயின. அவர் அவளுடைய மாஸ்க்கைப் பார்த்தார், பிறகு அவளுடைய கண்களைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

மாப்பிள்ளை கேட்டபோதும், வீட்டில் அம்மா கேட்டபோதும், விடுதியில் யார் கேட்டாலும் அவள் இல்லை என்றே தலையாட்டியிருக்கிறாள். அன்று தலையாட்டவில்லை.

"வலிக்குதுப்பா. ஒவ்வொரு தடவையும் வலிக்குது. ராத்திரியெல்லாம் வலிக்குது."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தெரு என்றும் பார்க்காமல், சத்தமாக அழுதாள். நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்க, பிடுங்கி எடுத்துவிட்டாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு அவளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சாலைப் பக்கமாக வந்து, அவளை மறைத்தபடி நின்றுகொண்டார்.

"அழு" என்றார். "யாரும் பாக்கல."